கண்ணுக்குள் அடைத்த காற்று

அந்தக் குளிர்காலத்தில் அனிசேத்தோவோடு பேச வேண்டுமென்றால் அவனுடைய பிடரியோடுதான் பேச வேண்டியிருந்தது. அக்காள் செனோபியாவின் சாப்பாட்டுக் கடையில், பின்பக்கமாக இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, தலைமாட்டில் முகம் பதிய ஒரு சந்து விட்டு, நெற்றிக்குச் சுருட்டிய துண்டைக் கொடுத்துக் கவிழ்ந்து கிடப்பான். வலது கண்ணில் ஆபரேஷன். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்க வேண்டிய விழித்திரை கிழிந்து தொங்கிவிட்டது. உள்ளே இருந்த கூழை உறிஞ்சி எடுத்து, திரையைச் சுவரோடு வைத்து லேசரால் சூடு போட்டு, அது மறுபடி உரிந்து வராமலிருக்க ஒருவகை வாயுவை அடைத்து அனுப்பியிருந்தார்கள். வாயு எப்போதும் மேலே ஏறப் பார்க்கும். முகம் தரையைப் பார்த்தால்தான் அது பின்னால் போய்த் திரையைத் தாங்கும். அதனால் தின்பது, குடிப்பது, தூங்குவது, கோபப்படுவது எல்லாமே கவிழ்ந்துதான்.

நான் ருஃபினோவின் லாரியில் கிளீனராகக் கூட ஓடுகிறவன். ருஃபினோ செனோபியாவின் புருஷன். லிமாவிலிருந்து பழமும் மளிகையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவோம். அங்கிருந்து உருளைக்கிழங்கோடு திரும்புவோம். ஓட்டமில்லாத நாட்களில் எனக்குக் காலைச் சாப்பாடு செனோபியாவின் கடையில்தான். மலைச்சரிவில், வீடுகளுக்கு ஏறும் படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் தகரக் கூரை போட்ட கடை. விடியுமுன்பே ஆட்டுத்தலை அடுப்பில் ஏறிவிடும். எங்கள் சரிவில் இருக்கிறவர்களில் பாதிப் பேர் மலைமேல் இருக்கும் ஹூனின் ஏரிக்கரையிலிருந்து இறங்கி வந்தவர்கள். அந்த சூப்பு வாசம் மூக்கில் ஏறினால் போதும், ஊர் வம்பு தொடங்கிவிடும். வெளியே லிமாவின் தூறல். மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. ஈரத்துணியை முகத்தில் போட்ட மாதிரி மாதக்கணக்கில் மேலேயே நிற்கும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்கு அது பிடித்ததில்லை.

"என்ன அனிசேத்தோ, தரையில எதையோ தொலைச்சுட்டியா?" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது.

"உன் கால் நாத்தத்தைத்தான் மோந்துட்டிருக்கேன். அதை வச்சே நீ யாருன்னு சொல்லுவேன்," என்று பெஞ்சுக்கடியிலிருந்து பதில் வரும்.

செனோபியா சூப்பை ஆற்றி, தரையில் வைத்து, உறிஞ்சு குழலை அவன் வாயில் கொடுப்பாள்.

"அக்கா, சூப்புல கறியே காணோமே."

"குழல்ல கறி வருமா? நீ தலை நிமிர்ற அன்னைக்கு ஒரு முழு ஆட்டுத்தலையே வைக்கிறேன்."

"கண்ணோடவா, கண்ணு இல்லாமலா?"

"வாயை மூடிட்டுக் குடி."

இப்படி அவன் சொல்லும்போது கடையில் எல்லோரும் சிரிப்போம். செனோபியா மட்டும் சிரிக்க மாட்டாள். அவனுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு கண்தான்.

இடது கண் போன கதை எங்களுக்கெல்லாம் தெரியும். தொழுவத்தில் கடா முட்டித் திரை கிழிந்தது. அப்போதும் இதே ஆஸ்பத்திரிதான், வேறொரு டாக்டர். அவர் வாயு அடைக்கவில்லை, எண்ணெய் அடைத்தார். எண்ணெய் தானாகக் கரையாது, சில மாதம் கழித்து வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியனுப்பினார். இவன் எண்ணெயோடு ஊருக்குப் போனான். விதைப்பு முடியட்டும், கிழங்கு தோண்டட்டும், ஆடு குட்டி போடட்டும் என்று நாளைத் தள்ளினான். ஒருவழியாக இறங்கி வந்தபோது எண்ணெய் துளித்துளியாக உடைந்து கண் கல்லாக இறுகிக் கிடந்தது. அதை எடுத்த பிறகு திரை சுருண்டு கீழே வந்துவிட்டது. பிறகு ஒட்டவே இல்லை.

அதனால் வலது கண்ணிலும் நிழல் விழுந்தபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்று: எண்ணெய் வேண்டாம். ஹூனின்காரன் என்றால் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், இருப்பிடம் எது என்று கேட்டதற்கு அக்காள் வீட்டைச் சொல்லியிருந்தான். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அது ஒரு பொய்யாகவே யாருக்கும் படாது. டாக்டரம்மா சின்ன வயசு, நிதானமான பேச்சு. "லிமாலதானே இருக்கீங்க? அப்ப வாயுவே அடைச்சுடலாம். அது தானா கரைஞ்சுடும், இன்னொரு ஆபரேஷன் வேண்டாம். கரையற வரைக்கும் விமானம் ஏறக் கூடாது, மலைப் பக்கம் போகக் கூடாது," என்றார். விமானம் என்றதும் அனிசேத்தோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வம்சத்தில் யாரும் விமானம் ஏறியதில்லை.

ஊரில் அப்போது மாக்காக் கிழங்கு தோண்டுகிற காலம். அவன் பெண்டாட்டி தெல்ஃபினா தனியாகக் கிடந்து தோண்டிக்கொண்டிருந்தாள். பகல் வெயிலிலும் ராத்திரி உறைபனியிலும் மாறி மாறிக் காய்ந்தால்தான் கிழங்கு இனிக்கும். அதைப் பரப்ப வேண்டும், திருப்ப வேண்டும், திருடர்கள் கை வைக்காமல் காக்க வேண்டும். அதைவிடப் பெரிய கவலை வேறொன்று. மாக்கா ஒருமுறை போட்ட தரை பல வருஷம் மலடாகக் கிடக்கும். அதனால் ஊர்ச்சபை வருஷாவருஷம் புதுப் புல்தரையைப் பங்கு வைக்கும். காலையில் கூட்டத்தில் பேச்சு நடக்கும். மதியம், பங்கு கிடைத்தவன் தன் துண்டின் நான்கு மூலைக்கும் நடந்து போய்த் தன் கையால் கல் குவிக்க வேண்டும். ஆள் வரவில்லை என்றால் பங்கு அடுத்தவனுக்குப் போய்விடும். பெண்டாட்டி போய் நின்றால் செல்லாது. புருஷன் செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று ஊர் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

தெல்ஃபினா போன் பேச வேண்டுமானால் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் ஏறி நிற்க வேண்டும். அவள் குரலோடு ஏரிக்காற்றும் சேர்ந்து கேட்கும். செனோபியா போனைத் தரையில் அவன் முகத்துக்கு நேராக வைத்தாள்.

"ஊர்ல காயுப்பே என்ன சொல்லிட்டுத் திரியுறான் தெரியுமா?" என்றாள் தெல்ஃபினா. "ஒத்தக்கண்ணனுக்கு இருந்த ஒத்தக்கண்ணும் போச்சு, அவனுக்கு எதுக்கு நிலம்னு கேக்கறான். நமக்கு வர வேண்டிய துண்டு அவன் தம்பிக்கு வேணுமாம்."

"அவன் கண்ணைப் பிடுங்கறேன். கூட்டத்துக்கு நான் வரேன்."

"நீ வர வேண்டாம். நான் பார்த்துக்கறேன்."

"எப்படிப் பார்த்துப்ப? பொம்பளை போய் நின்னா கல்லைத் தொட விடுவானுங்களா?"

"பார்த்துக்கறேன்னு சொல்றேன்ல. நீ கண்ணைப் பாரு."

"தெல்ஃபினா, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. நான் குருடன்னு எவன் சொன்னாலும் அவன் வாயைக் கிழி. நம்ம வீட்டுலேர்ந்து அந்த வார்த்தை வெளிய வரக் கூடாது. வந்துச்சு, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

ஏரிக்காற்று போனில் இரைந்தது.

"காத்து அடிக்குது, ஒண்ணும் கேக்கல," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒருவழியாகத் தலை நிமிரலாம் என்று சொன்னார்கள். செனோபியா சொன்ன வாக்கைக் காப்பாற்றி முழுத்தலையை வைத்தாள். அனிசேத்தோவின் கண்ணுக்குள் இப்போது ஒரு கோடு வந்திருந்தது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் மாதிரி. அவன் தலையை ஆட்டினால் கோடும் ஆடும். கோட்டுக்குக் கீழே வாயு, எல்லாம் கலங்கலாக. கோட்டுக்கு மேலே தெளிவு. நாளுக்கு நாள் கோடு கீழே இறங்க இறங்க அவனுக்கு உலகம் மேலிருந்து கீழாகத் திரும்ப வந்தது. முதலில் தகரக் கூரை வந்தது. பிறகு எதிர்ச்சரிவின் பச்சை, நீல வீடுகள் வந்தன. ஒரு நாள் காலையில் கடை வாசலில் நின்றுகொண்டு எங்கள் லாரியின் நம்பர் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தான். செனோபியா கரண்டியோடு உள்ளே போய் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். டாக்டரம்மா வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நல்லா ஒட்டியிருக்கு," என்றார். "பாதி வாயு இன்னும் உள்ள இருக்கு. அது போற வரைக்கும் பழைய பத்தியம்தான். விமானம் கூடாது, மலை கூடாது."

"சரிங்க டாக்டர்," என்றான் அனிசேத்தோ, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல. பஸ்ஸில் வரும்போது என்னிடம், "பாவம், கடற்கரையில பொறந்த பொண்ணு. மலைன்னாலே பயம்," என்றான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் ருஃபினோவுக்கு ஹூனின் பக்கமே சரக்கு அமைந்தது. அனிசேத்தோ பையைக் கட்டிக்கொண்டு வந்து கடையில் உட்கார்ந்தான்.

"டாக்டரம்மா வேண்டாம்னாங்க," என்றாள் செனோபியா.

"எதுக்கு வேண்டாம்னாங்க? மலைநோய் வரும்னு. மலைநோய் யாருக்கு வரும்? லிமாக்காரனுக்கு வரும். நான் பொறந்ததே அங்க. எனக்கு இங்க இறங்கி வந்தாத்தான் மூச்சு முட்டுது."

"ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேட்டுருவோமே."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்கென்ன, நிலமா போகுது? போன தடவை ஆபரேஷன் பண்ணி உடனே மேல போனேனே, ஏதாவது ஆச்சா? கேளு உன் புருஷனை, அவன் வண்டியிலதான் போனேன்."

"ஒண்ணும் ஆகலதான்," என்றான் ருஃபினோ. "வழி பூரா தூங்கிட்டு வந்தான்."

"தெல்ஃபினா வேண்டாம்னு சொல்றாளே."

"அவ கிட்டச் சொல்லாத. கூட்டத்துல நான் போய் நிக்கும்போதுதான் எல்லாருக்கும் தெரியணும். காயுப்பே சட்டை என்ன நிறம்னு அவன்கிட்டயே சொல்லணும். மதியம் கல்லு குவிக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்தா போதும்."

செனோபியாவும் கடைசியில் தலையாட்டினாள். எங்களில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. மலைநோய் என்றால் எங்களுக்கு வேடிக்கை. திக்லியோ கணவாயில் பஸ்ஸை விட்டிறங்கி வாந்தியெடுக்கிற கடற்கரைக்காரனைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவர்கள் நாங்கள். உயரத்துக்குப் போகாதே என்றால் மலைநோய்க்குப் பயந்துதான் சொல்கிறார்கள், அது நமக்கில்லை என்று எடுத்துக்கொண்டோம். வேறு காரணம் இருக்கும் என்று எண்ணவே எங்களுக்குத் தோன்றவில்லை.

மறுநாள், கூட்டத்தன்று, விடியுமுன் கிளம்பினோம். லாரியில் ஆரஞ்சு, அரிசி, மேலாக நொறுக்குத்தீனிப் பாக்கெட் பெட்டிகள். சொசிக்கா தாண்டியதும் தூறல் நின்று ஆகாயம் திறந்துகொண்டது. அனிசேத்தோ கண்ணாடியை இறக்கிவிட்டு மலை உச்சிகளையே பார்த்துக்கொண்டு வந்தான். உச்சிகளெல்லாம் அவனுடைய கோட்டுக்கு மேலே இருந்தன. மத்துகானாவில் வண்டியை நிறுத்தி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றோம். அவன்தான் அதிகம் தின்றான். காயுப்பேயின் நடையைச் செய்துகாட்டிக் கடைக்காரியைச் சிரிக்கவைத்தான்.

வெயில் ஏறி மேட்டில் பனி உருகுகிற நேரம். சான் மத்தேயோ வந்தபோது பேச்சு குறைந்தது. அதற்கு மேலே வளைவுகள் இறுகின. அவன் நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன மச்சான்?" என்றான் ருஃபினோ.

"பாலாடைக்கட்டி ஒத்துக்கல."

காசபால்கா சுரங்கத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தியெடுத்தான். ஏறி உட்கார்ந்தபோது முகம் வெளிறி வேர்த்திருந்தது. நானும் ருஃபினோவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏரிக்கரைக்காரனுக்கு மலைநோய்," என்றான் ருஃபினோ. "இதை நான் கூட்டத்துலேயே சொல்லப் போறேன்."

"சொல்லித் தொலை."

"லிமா உன்னைக் கெடுத்துருச்சு மச்சான். இந்தா, கோக்கா மெல்லு."

இலையை வாங்கிக் கடைவாயில் அடக்கிக்கொண்டான். நான் பஞ்சில் சாராயத்தை நனைத்து மூக்கில் காட்டினேன். எல்லாவற்றுக்கும் உடன்பட்டான். வலி எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. தன் மண்ணுக்குத் திரும்புகிறவனுக்கு மலைநோய் என்பது வெளியில் சொல்லக்கூடிய சங்கதி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கதவுப் பிடியைப் பிடித்திருந்தான்.

திக்லியோவில் தாதுமண் லாரிகள் வரிசையாக நின்றன. இரண்டு பக்கமும் பனி. வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது பின்னால் சரக்குக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"பாக்கெட் வெடிக்குது," என்றான் ருஃபினோ, வழக்கமாகச் சொல்வதைப் போலவே. "மலைக்கு அனுப்பற பாக்கெட்டுல காத்தைக் கம்மியா அடைங்கடான்னு தலைபாடா அடிச்சுக்கறேன். கீழ அடைக்கிற காத்து இங்க வந்தா உப்பும். வெடிக்காம என்ன செய்யும்?"

சொல்லி முடித்தவன் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. பின்னாலிருந்தவன் ஹார்ன் அடித்தான். ருஃபினோ மெதுவாக அனிசேத்தோ பக்கம் திரும்பினான்.

"மச்சான், உன் கண்ணுக்குள்ள என்னத்த அடைச்சிருக்காங்க?"

"வாயு."

"போன தடவை?"

"எண்ணெய்."

ருஃபினோ வண்டியை ஓரம் கட்டினான்.

"உண்மையைச் சொல்லு. இப்ப என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல," என்றான் அனிசேத்தோ.

"எப்பலேர்ந்து?"

"சான் மத்தேயோ தாண்டினதுலேர்ந்து. கோடு மேல ஏறி வந்துச்சு. அப்புறம் கண்ணுக்குள்ள யாரோ கட்டைவிரலை வச்சு அமுக்கற மாதிரி வலி. அப்புறம் இருட்டிருச்சு. மலைநோய்னு நினைச்சேன்."

"மலைநோய் வந்தா கண்ணு இருட்டுமாடா?"

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வந்ததே இல்லையே."

அந்தக் கணவாயில் சரக்கு ஏற்றிய லாரியைத் திருப்புவது என்றால் என்ன என்று ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். நான் இறங்கிக் கையைக் காட்டிக் காட்டி இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினேன். திட்டாத டிரைவர் இல்லை. ஒருவன் கல்லை எடுத்து எறிந்தான். திரும்பியதும் ருஃபினோ இறக்கத்தில் பிரேக் வாசம் வரவர ஓட்டினான். வாயில் மாதாவின் பெயரும் கெட்ட வார்த்தையும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

சான் மத்தேயோவுக்கு இறங்கியபோது அனிசேத்தோ நெற்றியிலிருந்து கையை எடுத்தான். மத்துகானா வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"வலி போயிருச்சு. வண்டியைத் திருப்பு."

"கண்ணு?"

"வரும். வலி போச்சுல்ல, கண்ணும் வரும். இப்பத் திரும்பினாக்கூட கல்லு குவிக்கறதுக்குப் போயிரலாம்."

"பேசாம உக்காரு."

"டே ருஃபினோ, அது என் நிலம். நான் போகலன்னா காயுப்பே தம்பி இன்னைக்கே கல்லைப் போட்டுருவான். தெல்ஃபினா அங்க தனியா நிக்கிறாடா."

"தெரியும் மச்சான்."

"தெரிஞ்சா திருப்பு. இல்ல இறக்கி விடு, நான் பஸ் ஏறிக்கறேன்."

கதவுப் பிடியைத் தேடி அவன் கை அலைந்தது. பிடி அவனுடைய முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அது அவன் கைக்கு அகப்படவில்லை. நான் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். சொசிக்கா வரைக்கும் திமிறினான். அதற்குப் பிறகு தூறலுக்குள் இறங்கினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இமைமேல் விரலை வைத்துப் பார்த்ததுமே முகம் மாறினார். ஊசி போட்டு வாயுவைக் கொஞ்சம் வெளியே எடுத்தார். மருந்து விட்டார், மறுபடி பார்த்தார், இன்னொரு பெரிய டாக்டரைக் கூட்டிவந்து காட்டினார். பொழுது சாய்ந்த பிறகு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க வீடு எங்க?" என்றார்.

"வீடு ஹூனின்ல. அக்கா இங்க."

டாக்டரம்மா சீட்டைப் புரட்டி, இருப்பிடம் லிமா என்று எழுதியிருந்த இடத்தைப் பார்த்தார். "ஏன் மேல போகக் கூடாதுன்னு நானும் விளக்கிச் சொல்லியிருக்கணும்," என்றார்.

"திரை கிழிஞ்சுருச்சா டாக்டர்?"

"இல்ல. திரை அழகா ஒட்டியிருக்கு. ஒட்ட வச்சது வச்சபடியே இருக்கு. ஆனா வாயு உப்பி, அதுக்கு ரத்தம் போற குழாயை நசுக்கிருச்சு. இத்தனை நேரம் ரத்தம் இல்லாம திரை தாங்காது. வெளிச்சம் தெரியும். முகத்துக்கு நேரா கை ஆட்டினா ஏதோ ஆடுதுன்னு தெரியலாம்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அப்ப எண்ணெயே அடைச்சிருக்கலாம்," என்றான் அனிசேத்தோ. எண்ணெயிலும் ஒரு கண் போயிற்று, காற்றிலும் ஒரு கண் போயிற்று. யார்மேல் கோபப்படுவது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அந்த மலைமேல்தான் கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை.

தெல்ஃபினாவுக்குச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. செனோபியா போனைக் கையில் எடுப்பாள், வைப்பாள். அதற்குள் அந்த வாரக் கடைசியில் அவளே வந்து நின்றாள். காலைச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த நேரம். முதுகில் மூட்டை, தலையில் தொப்பி, கன்னமெல்லாம் பனி பட்டு வெடித்துச் சிவந்திருந்தது. அனிசேத்தோ உள்மேஜையில் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நானும் ருஃபினோவும் எதிரே இருந்தோம்.

"மதினி, மூட்டையைப் பிடிங்க, உப்புக்கண்டம் இருக்கு," என்றாள் தெல்ஃபினா. பிறகு புருஷனுக்கு முன்னால் வந்து நின்றாள். "நிமிர்ந்து உக்காந்துட்டியே, நல்லது. முதல்லயே சொல்லிடறேன், கத்தக் கூடாது. நடந்தது நடந்துருச்சு."

"சொல்லு," என்றான்.

"நிலம் கிடைச்சுருச்சு."

அவன் கோப்பையை மேஜைமேல் வைத்தான். "எப்படி?"

"கத்தக் கூடாதுன்னேன்ல. காயுப்பே எழுந்து பேசினான். அனிசேத்தோ எங்க, ஆளைக் காட்டு, கண்ணு தெரிஞ்சா வர வேண்டியதுதானேன்னான். அவன் தம்பி அதுக்குள்ள நம்ம பங்கை வாங்க முன்னால போய் நின்னுட்டான். நான் என்ன செய்வேன்? எழுந்து சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"என் புருஷன் குருடன்னு. ரெண்டு கண்ணும் போச்சு, இனிமே வராதுன்னு. அழுதேன். சும்மா இல்ல, நல்லாவே அழுதேன். காயுப்பே பொண்டாட்டியே மூக்கைச் சிந்தினா. தலைவர் தொப்பியைக் கழட்டிட்டார்னா பார்த்துக்கயேன். இந்தப் பொம்பளை பேர்லயே இருக்கட்டும்னு சபையில எல்லாரும் கையைத் தூக்கிட்டாங்க."

செனோபியா அடுப்பைத் தணித்தாள். தெல்ஃபினா மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள்.

"மதியம் நானே நாலு மூலையும் நடந்து கல்லு குவிச்சேன். கையைப் பாரு, தோலே இல்ல. உன்கிட்ட முன்னாடியே சொன்னா விட்டிருப்பியா? அந்த வார்த்தை வரக் கூடாதுன்னு அன்னைக்குக் குதிச்ச. எனக்கு மட்டும் ஆசையா? விதைக்கிற நேரத்துக்கு நீ வந்து நட்டநடுவுல நில்லு. அவனுங்க மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும். பொய்க்காரின்னு என்னைத் திட்டட்டும், பரவாயில்ல. சபை கொடுத்தது கொடுத்ததுதான்."

கைகளை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். விரல் நுனிகள் எல்லாம் வெடித்து, உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது.

"கூட்டத்துல எப்ப சொன்ன?" என்று கேட்டான் அனிசேத்தோ.

"காலையில. பனி உருகினதும்."

அவன் தலையை மெல்ல ஆட்டினான். அவன் குரலில் கோபம் துளியும் இல்லை.

"அப்ப நீ பொய் சொல்லல தெல்ஃபினா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திட்டு வாங்கத் தயாராக வந்தவளுக்கு அவன் கேலி செய்கிறான் என்று தோன்றியிருக்கும். சிரித்துக்கொண்டே ருஃபினோவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு செனோபியாவைப் பார்த்தாள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அவள் கைகள் அவன் முகத்துக்கு நேராக இன்னும் நீட்டியபடியே இருந்தன.